மடகாஸ்கரைச் சொர்க்கத் தீவு என்று எழுதிய ஆங்கிலேயர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பயண நூல்களைப் பற்றி நான் பேசுவது வழக்கம். "வாருங்கள், இந்தத் தீவில் குடியேறுங்கள்" என்று ஆள் சேர்ப்பதற்காகவே எழுதப்பட்ட நூல்கள் அவை. எத்தனை முறை பேசினாலும் கூட்டம் முடிந்ததும் அதே சந்தேகங்கள்தான் வரும். அவற்றையெல்லாம் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மடகாஸ்கரை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. விளம்பரம் செய்த நூல், அதை நம்பிப் போன மக்கள், போய்வந்த ஒருவர் எழுதிய மறுப்பு என்று மூன்றும் இந்தத் தீவு விஷயத்தில் நமக்குக் கிடைக்கின்றன.

மடகாஸ்கரை ஆண்டது பிரெஞ்சுக்காரங்கதானே? இங்கிலீஷ்காரங்க எங்கே வந்தாங்க?

ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தான். 1896இல் தீவைத் தங்கள் காலனியாக்கினார்கள். ஆனால் அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர்கள் இரண்டு முறை அங்கே குடியேறப் பார்த்தார்கள். 1645இல் தென்மேற்கே செயின்ட் அகஸ்டின் விரிகுடாவில் ஒரு முறை, 1650இல் வடமேற்குக் கரையை ஒட்டிய ஒரு சிறு தீவில் இன்னொரு முறை. இரண்டுமே நிலைக்கவில்லை. நிலைக்காததால் பாடப் புத்தகங்களில் இடம் பிடிக்கவும் இல்லை.

என்னென்ன புத்தகங்கள்? யார் எழுதினது?

முக்கியமான பெயர்கள் இரண்டு. ஒருவர் வால்டர் ஹாமண்ட், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் அறுவை மருத்துவராகப் போனவர். 1640இல் ஒரு சிறு நூல் போட்டார். மடகாஸ்கர்வாசிகள்தான் உலகத்திலேயே மகிழ்ச்சியான மக்கள் என்று நிரூபிப்பதாகத் தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட நூல் அது. 1643இல் இன்னொன்று. அது மடகாஸ்கரை உலகத்திலேயே செல்வமும் செழிப்பும் மிக்க தீவு என்றது. ஜான் பாண்ட் என்பவரைத் 'தீவின் ஆளுநர்' என்று அழைத்து, அவருக்கே அந்த நூலைக் காணிக்கையாக்கினார். அந்தத் தேதியில் அங்கே ஆள்வதற்கு ஓர் ஆங்கிலேயக் குடிசைகூட இல்லை.

இன்னொருவர் ரிச்சர்ட் பூத்பி. சூரத்தில் கம்பெனி வணிகராக இருந்தவர். அங்கே மேலதிகாரிகளோடு தகராறாகி ஊர் திரும்ப நேர்ந்தது. தனக்கு நடந்த அநியாயம் என்று 1644இல் தனியாக ஒரு பிரசுரமே போட்டார். மடகாஸ்கரைப் பற்றிய அவர் நூல் 1646இல் வந்தது. இவர்களுக்கும் முன்னால் வில்லியம் டேவனன்ட் என்ற கவிஞர் 'மடகாஸ்கர்' என்றே ஒரு நீண்ட கவிதை எழுதி 1638இல் அச்சிட்டிருந்தார்.

அவ்வளவு தூரத்துல இருக்கிற தீவு மேல ஏன் சார் கண்ணு வெச்சாங்க?

வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வரும் கப்பலுக்கு மடகாஸ்கர் நடுவழி. பரப்பு 5,87,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இங்கிலாந்தும் சரி, நம் தமிழ்நாடும் சரி, தலைக்குச் சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். அதாவது நாலரைத் தமிழ்நாடு கொள்ளும் தீவு. அதில் எந்த ஐரோப்பிய நாட்டுக் கோட்டையும் உறுதியாக நிற்கவில்லை. போர்ச்சுகீசியர்கள் 1500லேயே வந்து 'செயின்ட் லாரன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனதோடு சரி.

இந்த இடத்தைப் பிடித்தவன் இந்திய வணிகம் முழுவதையும் பிடித்துவிடலாம் என்பது பூத்பியின் வாதம். லண்டனிலும் அதற்குக் காது கொடுக்க ஆள் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக வில்லியம் கோர்ட்டீன் என்ற பெரு வணிகரின் கூட்டத்துக்கு 1635இல் முதலாம் சார்லஸ் அரசர் அனுமதி கொடுத்திருந்தார். அந்தக் கூட்டத்துக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. 1642இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரும் வெடித்தது. வேறெங்காவது போய்ப் பிழைக்கலாம் என்று நினைத்தவர்களுக்குக் குறைவில்லை.

இவங்க எல்லாரும் நேர்ல போய்ப் பார்த்தவங்கதானா?

ஹாமண்டும் பூத்பியும் 1630 வாக்கில் அங்கே இறங்கியவர்கள். தங்கியது சில மாதங்கள்தான். டேவனன்ட் போகவே இல்லை. அவர் கவிதை முழுவதும் ஒரு கனவு. கனவில் இளவரசர் ரூப்பர்ட் தீவை வெல்கிறார், வென்றவர்கள் தங்கமும் முத்தும் அள்ளுகிறார்கள். ரூப்பர்ட் அப்போது 17 வயதுப் பையன், அரசரின் அக்காள் மகன். அவனைப் படையோடு மடகாஸ்கருக்கு அனுப்பும் பேச்சு அரண்மனையில் உண்மையிலேயே நடந்தது. அவனுடைய தாய் எலிசபெத்துக்குக் கேட்டதுமே பிடிக்கவில்லை. ஸ்பானிய நாவலின் கோமாளி வீரன் டான் குவிக்சாட் தன் வேலைக்காரனுக்கு ஒரு தீவின் அரசுரிமை தருவதாகச் சொன்ன கதையைப் போல இருக்கிறது என்று கடிதம் எழுதினாள். இந்த விவகாரத்தில் எல்லாருக்கும் முன்னால் சரியாகக் கணித்தவள் அந்தத் தாய்தான் என்பது என் எண்ணம்.

அடுத்து அரண்டல் பிரபு கிளம்பப் பார்த்தார். வான் டைக் வரைந்த ஓவியம் ஒன்றில் அவரும் மனைவியும் ஒரு பெரிய பூகோள உருண்டை அருகே உட்கார்ந்திருப்பார்கள். பிரபுவின் விரல் மடகாஸ்கரைத் தொட்டுக் காட்டும். அவரும் போகவில்லை. ஓவியம் மட்டும் இருக்கிறது.

அப்போ தெரிஞ்சே பொய் எழுதினாங்கன்னு சொல்லலாமா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பப் படித்த பிறகு பாதிதான் அப்படிச் சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் எந்த நிலையில் அங்கே இறங்கினார்கள் என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் கிளம்பி நாலைந்து மாதம் கடலில். புழு வைத்த ரொட்டி, உப்பில் ஊறிய இறைச்சி, பச்சை நிறம் பிடித்த தண்ணீர். ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயம்கூடத் திரும்பத் திறந்துகொள்ளும். அந்த நிலையில் விரிகுடாவில் நங்கூரம் போடுகிறார்கள். கரையில் ஆற்று நீர். எலுமிச்சை. கறந்த பால். திமில் பெருத்த மாடுகள் மந்தை மந்தையாக வருகின்றன. தூக்கிக்கொண்டு இறக்கப்பட்டவன் பத்தே நாளில் எழுந்து நடக்கிறான். அவன் எழுதினால் சொர்க்கம் என்றுதானே எழுதுவான்?

பருவமும் சேர்ந்து ஏமாற்றியது. இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் அங்கே சேரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது குளிர்காலம். வானம் தெளிந்திருக்கும், காற்று இதமாக இருக்கும், கொசுவும் குறைவு. இதை வைத்துத்தான் 'ஆரோக்கியமான நாடு' என்று எழுதினார்கள். ஆண்டின் மறுபாதியை அவர்கள் பார்க்கவே இல்லை.

பார்த்ததை மிகைப்படுத்தியதை மன்னிக்கலாம். பார்க்காததைச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. கப்பலுக்கு நாலு நாள் தின்ன மாடு கிடைத்தது என்றால் அது கண்ணால் கண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே விதைத்து அறுத்து வாழலாம் என்பது காணாதது. பிரசுரங்களில் இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது.

நம்பிப் போனவங்களுக்கு என்ன ஆச்சு?

கோர்ட்டீன் கூட்டத்தின் சார்பில் ஜான் ஸ்மார்ட் என்பவரின் தலைமையில் 1644 ஆகஸ்டில் மூன்று கப்பல்கள் கிளம்பின. ஆண், பெண், குழந்தைகள் என்று ஏறக்குறைய 140 பேர். ஹாமண்ட் 'ஆளுநர்' என்று புகழ்ந்த பாண்டுக்குப் பதில் ஸ்மார்ட் போனார் என்பதைக் கவனியுங்கள். 1645 மார்ச்சில் செயின்ட் அகஸ்டின் விரிகுடாவில் இறங்கினார்கள்.

கொண்டுவந்த விதைகளை ஊன்றினார்கள். முளைத்தது காய்ந்தது. கையிலிருந்த தானியம் குறையக் குறைய, உள்ளூர் மக்களின் மாடுகளை நம்பித்தான் வயிறு என்றானது. வந்துபோகும் கப்பலுக்கு மாடு விற்பது அந்த மக்களுக்கு லாபம். வேலி போட்டு உட்கார்ந்துகொண்டு தினமும் மாடு கேட்கும் ஒரு கும்பல் அவர்களுக்குத் தொல்லை. மாட்டை முன்னிட்டே பகை வளர்ந்தது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களை எடுத்துக்கொண்டே போயின. 1646 மே மாதம், இறங்கிப் பதினான்கே மாதத்தில், மிஞ்சிய அறுபது சொச்சம் பேர் கப்பலேறிவிட்டார்கள்.

பூத்பியின் நூல் லண்டனில் அச்சேறியதும் இதே 1646இல்தான். அங்கே கடைசிப் பிணத்தைப் புதைத்துக்கொண்டிருந்த காலத்தில் இங்கே 'வாருங்கள்' என்ற புத்தகம் விற்பனைக்கு வந்திருக்கிறது. செய்தி கப்பலில் வர வேண்டிய காலம் அது.

அவ்வளவு பெரிய தீவுல காய்ஞ்ச இடமாப் பார்த்து ஏன் இறங்கினாங்க?

நல்ல கேள்வி. தீவின் கிழக்குக் கரையில் மழை கொட்டும், காடு அடர்ந்திருக்கும். தென்மேற்கு அப்படியே நேர்மாறு, தீவிலேயே வறண்ட பகுதி. மழை வருடத்துக்கு 400 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். முள்ளும் கள்ளியைப் போன்ற செடிகளும் வளரும் பூமி. மேய்ச்சலுக்கு ஆகும், ஐரோப்பிய விதைக்கு ஆகாது.

கப்பலோட்டிகளுக்கு நன்றாகப் பழகிய இடம் அது என்பதே காரணம். ஆழமான நங்கூரத் தளம், ஓனிலாஹி ஆற்றின் நல்ல தண்ணீர், பழகிய மாட்டு வியாபாரம். கப்பலுக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. பயண நூல் எழுதியவர்கள் பார்த்ததும் அந்தக் கரையைத்தான். ஒரு துறையைப் பார்த்துவிட்டு அதையே தீவு முழுவதற்குமான வர்ணனையாக எழுதிவிட்டார்கள்.

திரும்பி வந்தவங்க யாரும் வாயைத் திறக்கலையா?

திறந்தார் ஒருவர். பவுல் வால்டிகிரேவ், அந்தக் குடியேற்றத்தில் இருந்து உயிரோடு மீண்டவர். 1649இல் பூத்பியின் நூலுக்குப் பதிலாக ஒரு நூல் போட்டார். பூத்பி சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து, 'இது பொய், இது முன்னுக்குப் பின் முரண்' என்று மறுத்துக்கொண்டே போகிறார். நல்லவர்கள் யாரும் அந்த இடத்துக்குப் போய்விடாமல் கடவுள் தடுக்கட்டும் என்கிற அளவுக்கு அவர் மனம் வெந்திருந்தது. நடை கரடுமுரடானது, கோபத்தில் எழுதியது. ஆனாலும் இந்த நூல்களில் எனக்குப் பிடித்தது அதுதான். இனி ஒருவரும் சாகக் கூடாது என்ற ஒரே நோக்கத்துக்காக எழுதியிருக்கிறார்.

அதோட நிறுத்திட்டாங்களா?

இல்லை, அதுதான் வேதனை. வால்டிகிரேவின் நூல் வந்த அடுத்த ஆண்டே, 1650இல், ராபர்ட் ஹண்ட் என்பவர் 'அசாடா' தீவைப் பற்றி ஒரு பிரசுரம் வெளியிட்டார். இன்றைய நோசி பே தீவுதான் அது. ஹண்ட் முன்பு கரீபியனில் பிராவிடன்ஸ் தீவின் ஆளுநராக இருந்தவர். அசாடாவைப் பார்படோஸ் தீவோடு ஒப்பிட்டு, அங்கே விளைவதெல்லாம் இங்கே விளையும், அதற்கு மேலும் லாபம் வரும் என்று கணக்குப் போட்டார்.

முந்தைய தோல்வி அவருக்குத் தெரியாமல் இல்லை. அது வேறு இடம், இது வேறு இடம் என்பதுதான் பதில். அதில் உண்மையும் உண்டு, நோசி பேயில் மழை நன்றாகவே பெய்யும். ஆனால் காய்ச்சலும் உள்ளூர் மக்களின் எதிர்ப்பும் இங்கேயும் இருந்தன. ஹண்ட் அங்கேயே இறந்தார், குடியேற்றமும் கலைந்தது. மற்ற எழுத்தாளர்களிலிருந்து ஹண்ட் ஒரு விஷயத்தில் வேறுபடுகிறார். எழுதியதை நம்பித் தானே போனார்.

ஹாமண்ட் அந்த ஊர் மக்களைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கார்? அவரையும் குறை சொல்றீங்களே?

1640ஆம் ஆண்டு நூலைத் தனியாகப் படித்தால் உங்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். மடகாஸ்கர் மக்களுக்குத் தங்கத்தின் மேல் ஆசையில்லை, ஆடம்பர உடை தேவையில்லை, இருப்பதில் நிறைவாக இருக்கிறார்கள், பேராசை பிடித்த நாம்தான் காட்டுமிராண்டிகள் என்கிறார். படிக்கவே இனிமையாக இருக்கும். சிலர் அதை ஆதிக்க எதிர்ப்பு நூல் என்றுகூடச் சொல்வதுண்டு.

ஆனால் 1643ஆம் ஆண்டு நூலை அதன் பக்கத்தில் வையுங்கள். அதே எழுத்தாளர், அதே மக்கள். தங்கத்தின் மதிப்பு தெரியாதவர்கள் என்றால் மலிவாக வியாபாரம் செய்யலாம். நிறைவானவர்கள் என்றால் சண்டைக்கு வர மாட்டார்கள். சொத்து சேர்க்காதவர்கள் என்றால் நிலத்தைக் கேட்க ஆளில்லை. முதல் நூலில் வந்த புகழ்ச்சி ஒவ்வொன்றும் இரண்டாம் நூலில் குடியேற வருகிறவனுக்கு ஒரு வசதியாக மாறி நிற்கிறது. ஹாமண்ட் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகழ்ச்சியால் அந்த மக்களுக்கு ஒரு காப்பும் கிடைக்கவில்லை என்கிறேன்.

பாசிமணியை வாங்கிட்டு மாட்டைக் கொடுத்தவங்க ஏமாளிங்கதானே?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் கொஞ்சம் நின்று பதில் சொல்வேன். அவர்கள் கேட்டது கண்ணாடி மணி அல்ல, சிவந்த சூதுபவள மணி. கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்ததாகச் செய்திகளில் படித்திருப்பீர்களே, அதே கல்தான். குஜராத்தில் வெட்டி, கம்பாத்தில் பட்டை தீட்டி, இந்தியப் பெருங்கடல் முழுக்கப் போன சரக்கு. சூரத்தில் இருந்த கம்பெனி ஆட்களுக்கு அது எளிதாகக் கிடைத்ததால்தான் ஆங்கிலேயக் கப்பல்கள் அதை எடுத்துப்போயின. நிறமும் நீளமும் சரியில்லை என்றால் மடகாஸ்கர்காரர் வாங்கவே மாட்டார். எந்த மணி தரமானது என்று அவருக்குத் தெரியும், விலையைப் பேசி ஏற்றவும் தெரியும்.

நம் ஊரில் தங்கத்துக்குக் கொடுக்கும் மதிப்பை அவர்கள் ஓர் அரிய சிவப்புக் கல்லுக்குக் கொடுத்தார்கள். மாடு அவர்களிடம் ஏராளம், பட்டை தீட்டிய அந்த மணி கடல் கடந்து வர வேண்டியது. மாடுதான் அங்கே செல்வம், சாவுச் சடங்குக்கும் மாடுதான். அப்படிப்பட்ட மாட்டை அற்பப் பொருளுக்குக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலேயர் எழுதியது அவர்களுக்குத் தெரிந்த ஒரே விலைப்பட்டியலை வைத்துத்தான்.

இதுக்கும் நம்ம மெட்ராஸுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

காலம் ஒன்று. அரண்டல் பிரபு உருண்டையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்த அதே 1639இல் பிரான்சிஸ் டே சென்னைக் கடற்கரையில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் கோட்டை கட்ட அனுமதி வாங்கினார். ஆனால் இரண்டு திட்டமும் ஒன்றல்ல. சென்னையில் கம்பெனிக்கு வேண்டியது துணி. நெசவாளரும் சாயக்காரரும் துபாஷியும் கடன் கொடுக்கும் வணிகரும் ஏற்கெனவே இருந்த நாடு இது. இங்கிலாந்திலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து உழ வைக்கும் யோசனையே இங்கே எழவில்லை. மடகாஸ்கர் நூல்கள் பேசியது 'காலி நிலம்' பற்றி.

இன்னொரு சின்னத் தொடர்பும் உண்டு. கோர்ட்டீன் கூட்டத்தின் ஆட்கள் மடகாஸ்கரில் கள்ள வராகனும் கள்ள ரியாலும் அடித்தார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. ரியால் ஸ்பானிய வெள்ளிக் காசு, வராகன் நம் பக்கத்துத் தங்கக் காசு. சொர்க்கத் தீவுத் திட்டம் கடைசியில் நம் ஊர்க் காசைப் போலி செய்த பழியில் வந்து நின்றது.

பிரெஞ்சுக்காரங்க எழுதினதும் இப்படித்தானா?

ஃபிளாக்கூர் என்ற பிரெஞ்சு ஆளுநரின் நூலைச் சொல்ல வேண்டும். தென்கிழக்கே கோட்டை தோஃபேனில் 1648 முதல் 1655 வரை இருந்தவர். 1658இல் அவர் நூல் வந்தது. அதிலும் குடியேற்ற ஆசை உண்டு. ஆனால் ஏழு ஆண்டு வாழ்ந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். செடிகளின் பெயர், சண்டைகளின் காரணம், தீவின் தெற்கே ஆளரவமற்ற இடங்களில் வாழ்ந்த ஒரு ராட்சதப் பறவை என்று எழுதிக்கொண்டே போகிறார். யானைப் பறவை என்று நாம் இன்று சொல்லும், அழிந்துபோன பறவையைத்தான் அது குறிக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தக் கோட்டையும் 1674இல் கைவிடப்பட்டது.

பொய்யும் மிகையும்னு ஆன பிறகு இதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். எழுத்தாளர் வாங்கச் சொல்லும் சரக்கை விட்டுவிட்டு, வழியில் கை தவறிச் சிந்துவதைப் பொறுக்க வேண்டும். எந்த மாதம் இறங்கினார், எத்தனை நாள் இருந்தார், கரையை விட்டு எவ்வளவு தூரம் உள்ளே போனார் என்று முதலில் பார்ப்பேன். மேலே ஜூலை, ஆகஸ்ட் பற்றிச் சொன்னது அப்படிக் கண்டதுதான். அப்புறம், உள்ளூர் மக்கள் எங்கே 'மாட்டேன்' என்றார்கள் என்று தேடுவேன். இந்த மணி வேண்டாம், இந்த மாடு விற்பனைக்கில்லை, இந்த வேலிக்கு மேல் உங்கள் வேலி வரக் கூடாது. மடகாஸ்கர் மக்கள் அன்று எழுதி வைத்த மறுப்பு நூல் நம் கையில் இல்லை. அவர்கள் சொன்ன மறுப்பெல்லாம் இந்த ஆங்கிலேயர்களின் புலம்பலுக்குள்தான் கிடக்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் பூத்பியையும் வால்டிகிரேவையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படியுங்கள். இரண்டு பேரும் நின்றது ஒரே கரையில். ஒருவர் கப்பல் வரும்வரை நின்றார், மற்றவர் ஆட்களைப் புதைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் நின்றார்.